விடுதியில் முதல் வாரங்கள்: பேராதனையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவர் படிப்பை இடையில் விடுவது குறைவு, ஆசிரியரோடும் சக மாணவரோடும் அவருக்குத் தொடர்பு அதிகம் என்று உயர்கல்வி ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. இதற்குப் பரவலாக அறியப்பட்ட விளக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்து, 1987இல் நூலாக விரித்தார். கல்வியிலும் சமூக உறவிலும் நிறுவனத்தோடு பிணைப்புக்கொண்ட மாணவரே நிலைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். ஆனால் அந்தப் பிணைப்பை உண்டாக்குவது விடுதிக் கட்டடமா, அதற்குள் நிலவும் உறவுமுறையா? புதிதாக வரும் மாணவரை யார், எந்த அதிகாரத்தோடு ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விடுதி வாழ்வின் பலன் அமைகிறது என்பதே, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து, இக்கட்டுரை வைக்கும் வாதம்.

அறைத்தோழர் தரும் சான்று

விடுதியில் தங்குவோரையும் வீட்டிலிருந்து வருவோரையும் நேரடியாக ஒப்பிடுவதில் சிக்கல் உண்டு. இரு சாராரின் குடும்ப வசதி, பயணத் தூரம், முன்கல்வி எல்லாமே வேறுபடலாம். குலுக்கல் முறையில் அறை ஒதுக்கும் கல்லூரிகள் இச்சிக்கலைத் தவிர்க்க உதவின. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அவ்வாறு சேர்க்கப்பட்ட முதலாண்டு மாணவரை ஆராய்ந்த புரூஸ் சாசர்டோட், ஒருவருடைய மதிப்பெண்ணிலும் மாணவர் சங்கங்களில் சேரும் முடிவிலும் அறைத்தோழரின் தாக்கம் இருப்பதை 2001இல் காட்டினார். கென்டக்கியின் பெரியா கல்லூரி பற்றி ரால்ஃப், டாட் ஸ்டைன்பிரிக்னர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. அறைத்தோழர் வீடியோ கேம் கொண்டுவந்திருந்தால் மற்றவர் படிக்கும் நேரம் குறைந்தது. முதல் பருவ மதிப்பெண்ணும் இறங்கியது. சேர்ந்து வாழ்வது மாணவரை உயர்த்தவும் செய்யும், தாழ்த்தவும் செய்யும்.

பேராதனையின் திட்டம்

1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், மாணவர் தங்கிப் படிக்கும் இடமாக அமைய வேண்டும் என்பதில் அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் உறுதியாக இருந்தார். 1952இல் கலைத்துறைகள் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தன. நாட்டுக்கொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் குரல்கொடுத்த பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரிலும் அவர் தமையனார் இராமநாதனின் பெயரிலும் விடுதிகள் எழுந்தன. விடுதியின் வார்டன் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். மாணவரின் அன்றாடத்துக்குள் கற்றறிந்த மூத்தவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் உயிர்.

1945இன் இலவசக் கல்வியும், 1960இல் கலைப்பீடத்தில் தொடங்கிய சிங்கள, தமிழ் மொழிவழிக் கற்பித்தலும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தன. இது பெரும் சமூக ஆதாயம். ஆனால் மாணவர் தொகை பெருகிய வேகத்துக்கு விடுதி வசதி ஈடுகொடுக்கவில்லை. புதியவரை ஏற்கும் பொறுப்பு, யாரும் ஒப்படைக்காமலே, பெருமளவுக்கு மேல்வருட மாணவர் கைக்குப் போனது.

குப்பியும் பகிடிவதையும்

மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பொறியியற் பீடத்துக்கு வரும் மாணவர், விரிவுரைகளை ஆங்கிலத்தில் கேட்கிறார். பாடம் பிடிபடாமல் தவிப்பவரை மேல்வருட அண்ணாமார் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ‘குப்பி’ எனும், தாங்களே நடத்தும் வகுப்புக்கு அழைக்கிறார்கள். அறையில் நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார, பழைய வினாத்தாளை விரித்துவைத்து ஒருவர் தமிழில் கணக்கை விளக்குகிறார். கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. “எனக்கும் முதல் வருசம் இது விளங்கேல்ல” என்று அவர் சொல்லும்போது புதியவரின் தாழ்வெண்ணம் பாதி தணிகிறது. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. ‘நான் இந்த இடத்துக்கு உரியவன்தானா’ என்ற ஐயம் எல்லோருக்கும் வரும், நாளடைவில் போய்விடும் என்று உணர்த்திய சிறு பயிற்சியே அமெரிக்கக் கறுப்பின மாணவரின் மதிப்பெண்ணை உயர்த்தியது.

மேல்வருட மாணவர் புதியவரைத் துன்புறுத்தும் பகிடிவதையும் இதே சூழலில்தான் வேரூன்றியது. 1975இல் பேராதனை மாணவி ஒருவர் அதிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. வசதி, ஊர், சாதி வேறுபாடுகளை அழித்து ‘பட்ச் ஃபிட்’ எனும் வகுப்பு ஒற்றுமையை உண்டாக்குகிறது என்று இவ்வழக்கத்தை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் அச்சத்தில் பிறக்கும் ஒற்றுமை, பணிய மறுப்பவரை வெளியே தள்ளித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. சமத்துவத்தின் பெயரால் மேல்வருடம், கீழ்வருடம் என்ற புதிய படிநிலையையும் நிறுவுகிறது. குப்பியில் அண்ணாவுக்கு இருப்பது பாட அறிவு. பகிடிவதையில் அவர் எடுத்துக்கொள்வது தண்டிக்கும் அதிகாரம். இரண்டையும் ஒரே மரபென்று கருதுவது பிழை.

மொழியும் உரிமையும்

சிறுபான்மை மாணவர் தம் பண்பாட்டைக் கைவிட்டு நிறுவனத்தில் கரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு டின்டோவின் விளக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று வில்லியம் டியர்னி 1992இல் விமர்சித்தார். சிங்களம் பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள பேராதனையில் இவ்விமர்சனத்துக்குத் தனி எடை உண்டு. தமிழ் மாணவரைத் தனி விடுதியில் ஒதுக்குவதும், அயல்மொழிச் சூழலில் ஒற்றையாய் விடுவதும் ஒரே அளவுக்குத் தவறு. சொந்த மொழியில் ஆறுதல் தேடவும் அயல்மொழியில் நட்புக் கொள்ளவும் இடமிருக்க வேண்டும்.

முடிவுரை

இவ்வாதத்திலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. முதலாண்டு அறைகளை மாவட்டமும் மொழியும் கலக்கும்படி குலுக்கலில் ஒதுக்க வேண்டும். அதே வேளை ஒவ்வொரு தளத்திலும் ஒரே மொழியினர் சிலரேனும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். வார்டன் பணியை ஆசிரியரின் வேலைப்பளுவிலும் பதவி உயர்விலும் கணக்கிட வேண்டும். உபரி வேலையாகக் கருதும்வரை அதை மனமுவந்து ஏற்போர் அரிது. குப்பிக்கு அறையும் நூல்களும் அங்கீகாரமும் தர வேண்டும். புதியவரை ஏற்பது பல்கலைக்கழகத்தின் கல்விக் கடமை. அதைக் கைவிடும் நிறுவனம் எத்தனை விடுதி கட்டினாலும் கட்டிலைத்தான் தருகிறது.