குடல் அழற்சி நோய்: செல்களுக்குள் நடப்பது என்ன?

மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்கிறோம். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால் உடல் சூடு என்கிறோம். இரண்டும் இல்லாமல், உடலின் எதிர்ப்பு சக்தியே குடல் சுவரைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே குடல் அழற்சி நோய்.

இதில் முக்கியமானவை இரண்டு வகை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உள்சவ்வில் இடைவெளியின்றி மேலே பரவும். 1932இல் நியூயார்க் மருத்துவர் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த கிரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். விட்டுவிட்டு வரும், சுவரின் முழு ஆழத்திற்கும் இறங்கும்.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள்தாம். சில நாட்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து புதியவை வருகின்றன. அவற்றிடையே உள்ள கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரந்து மேலே பூசுகின்றன. சிறுகுடலில் பேனத் செல்கள் கிருமிகளைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. இந்த மெல்லிய வேலிக்கு ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள், மறு பக்கம் எதிர்ப்புச் செல்கள். ஆரோக்கியமான உடலில் இவை சண்டையின்றி வாழ்வதுதான் வியப்பு. ஒழுங்குபடுத்தும் டி செல்களும் ஐ.எல்.-10 என்ற புரதமும் அந்த அமைதியைக் காக்கின்றன.

வேலி பழுதாகும்போது பாக்டீரியாக்கள் செல்களை நெருங்குகின்றன. மேக்ரோபேஜ் செல்கள் டி.என்.எஃப்., ஐ.எல்.-23 போன்ற தூதுப் புரதங்களை வெளியிடுகின்றன. ரத்தக் குழாய்களிலிருந்து வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. டி.என்.எஃப். செல்களுக்கு இடையிலான இணைப்பையும் தளர்த்துவதால் இன்னும் அதிக பாக்டீரியா உள்ளே வருகிறது. அதனால் அழற்சி தானாக அணைவதில்லை.

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை உணரும் நாட்2 மரபணுவின் சில மாற்றங்கள் கிரோன் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது 2001இல் தெரியவந்தது. ஆனால் அந்த மாற்றம் உள்ள பலருக்கு நோய் வருவதே இல்லை. ஐரோப்பியரிடம் காணப்படும் அம்மாற்றங்கள் ஆசியரிடம் அரிது. ஆக, மரபணு மட்டும் காரணமல்ல.

டி.என்.எஃப்.பைக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. பலருக்கு அது பெரும் நிவாரணம். ஆனால் காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. காசநோய்க் கிருமியைச் செல்கள் சுற்றிவளைத்து அடைத்துவைக்கும் கிரானுலோமா என்ற முடிச்சு கலையாமல் இருப்பதற்கும் அதே டி.என்.எஃப்.தான் தேவை. அதைத் தடுத்தால் உறங்கிக்கொண்டிருந்த கிருமி விழித்துவிடலாம். போதாக்குறைக்கு, குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தையே இரண்டும் அதிகம் பிடிக்கும். இரண்டிலும் கிரானுலோமா தெரியலாம். காசநோயைக் கிரோன் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும் அபாயம் உண்டு.

எனவேதான் இந்த ஊசியைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால், முதலில் அதற்கான மாத்திரைகளைத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே ஊசி போடப்படும்.