பித்தளை லென்ஸின் பொன்மெருகு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவிலும் பாரிஸிலும் லண்டனிலும் செய்யப்பெற்ற பித்தளைப் புகைப்பட லென்ஸ் ஒன்றைக் கையிலெடுப்பவரின் கண், முதலில் அதன் கண்ணாடி வில்லையில் படுவதில்லை. வில்லையைச் சூழ்ந்த குழாயின் பொன்னிறத்திலேயே சென்று படிகிறது. அந்நிறம் பித்தளைக்கே இயல்பானது என்று பெரும்பாலோர் எண்ணுவர். ஆனால் வெறும் பித்தளையை எவ்வளவுதான் துலக்கினாலும் கிடைப்பது சற்றே வெளிறிய மஞ்சள். காற்றுப் பட்ட சில வாரங்களில் அதுவும் மங்கிப் பழுப்பேறிவிடும். நூறாண்டுகளுக்கு மேலாகியும் சில லென்ஸ்களில் குன்றாமல் நிற்கும் அந்த ஆழ்ந்த பொன்னொளி, முகந்தெரியாத தொழிலாளி ஒருவர் உலோகத்தைச் சூடேற்றித் தூரிகையால் இட்ட அரக்குப் பூச்சின் ஒளியாகும். கருவியின் பிற அங்கங்களைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இந்த மெல்லிய பூச்சைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அதனால்தான் அது நாளுக்கு நாள் அழிக்கப்பட்டும் வருகிறது.

1839-ஆம் ஆண்டில் டாகேரின் நிழற்பட முறை பாரிஸில் உலகறிய வெளியிடப்பட்டபோது, அதற்கு வேண்டிய லென்ஸைச் செய்து தந்தவர் சார்ல்ஸ் ஷெவாலியே என்ற உருப்பெருக்கிக் கலைஞர். அவருடைய லென்ஸ் ஒளியைச் சிறிதளவே உள்ளே விட்டமையால், நல்ல வெயிலிலும் படம் பதியப் பல நிமிஷங்கள் பிடித்தன. மனிதரின் முகத்தைப் பிடிப்பது பெரும்பாடாயிருந்தது. அக்குறையைப் போக்க வியன்னாப் பல்கலைக் கழகத்தின் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் 1840-இல் கணக்கிட்டே ஒரு புதிய லென்ஸை வகுத்தார். 1756 முதல் அந்நகரில் நுண்கருவிகள் செய்துவந்த ஃபோக்ட்லாண்டர் நிறுவனத்தார் அதைப் பித்தளைக் குழாயில் அமைத்து உலகிற்கு வழங்கினர். அன்றைய லென்ஸ் உற்பத்தியாளர் ஏறக்குறைய அனைவருமே இத்தகைய பின்னணியினர்: தொலைநோக்கி, உருப்பெருக்கி, நில அளவைக் கருவி ஆகியவற்றைச் செய்தவர்கள். லண்டனில் ஆண்ட்ரூ ராஸும், அவருடைய மருமகனாகி 1859-க்குப் பின் தனித்தொழில் தொடங்கிய டால்மேயரும் அம்மரபினரே. ஆகவே, விஞ்ஞானக் கருவிகளுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த அரக்குமெருகுச் சம்பிரதாயம், எவரும் புதிதாக ஏற்பாடு செய்யாமலே புகைப்பட லென்ஸுக்கும் வந்து சேர்ந்தது.

இச்சம்பிரதாயம் வெறும் அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை கடைசலுக்கு இணங்கும், மரைக்கு இணங்கும், துருப்பிடித்து இறுகாது. ஆயினும் விரல் வியர்வையின் உப்புக்கே கறுக்கும் குணமுடையது. புகைப்படக்காரரின் கையிலோ வியர்வை மட்டும் இருக்கவில்லை. டாகேர் முறையில் அயோடின் ஆவியும் பாதரச ஆவியும் அவரைச் சூழ்ந்திருந்தன. 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்த ஈரத்தகட்டை உலருமுன் காமிராவில் பொருத்தியாக வேண்டும் என்பதால், அக்கரைசல் சொட்டிய விரல்களோடேயே லென்ஸைத் தொட நேர்ந்தது. அக்காலத்து லென்ஸுக்குப் பெரும்பாலும் திரைப்பொறி கிடையாது. முன்புற மூடியைக் கையால் கழற்றி, மனத்துள் விநாடிகளை எண்ணி, மீண்டும் மூடுவதே படம் எடுக்கும் முறை. ஒவ்வொரு படத்துக்கும் கை வந்து பட்ட அவ்வுலோகத்துக்கு ஒரு கவசம் இன்றியமையாததாயிற்று.

அக்கவசத்தின் மூலப்பொருள் இந்தியாவிலிருந்து சென்றது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. வங்காளத்திலும் சோட்டா நாகபுரியிலும் புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுரண்டியெடுத்து, கழுவி, துணிப்பையிலிட்டு நெருப்பில் உருக்கிப் பிழிந்து, மெல்லிய தாளாக இழுத்து உடைத்தால் கிடைப்பதே நம் தச்சர்கள் அவலரக்கு என்று வழங்கும் சரக்கு. பாரதக்கதையின் அரக்கு மாளிகையால் நாமெல்லாரும் அறிந்திருக்கும் இப்பொருள், கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பியப் பட்டறைகளை அடைந்து, பித்தளையின்மேல் பொன்னாகப் படிந்து, பின்பு கல்கத்தாவிலும் சென்னையிலும் திறக்கப்பட்ட புகைப்பட நிலையங்களுக்கு லென்ஸின் மேனியாகத் திரும்பி வந்தது.

பட்டறையில் அவலரக்கைச் சுத்தமான சாராயத்தில் ஊறவைத்துக் கரைத்து, கசடு நீங்க வடிகட்டுவர். அந்தக் கரைசல் தனித்து நின்றால் வெளிறிய தேனிறமே தரும். விரும்பிய பொன்னிறத்துக்காக மஞ்சளும் குங்குமப்பூவும் மக்கி என்னும் மஞ்சட்பிசினும் அதனுடன் சேர்க்கப்பட்டன. சிறிது செம்மை வேண்டுவோர் கீழ்நாடுகளிலிருந்து வந்த செம்பிசினைச் சேர்த்தனர். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு பட்டறையும் தன் தொழில் ரகசியமாகவே காத்துவந்தது.

பூசும் வேலையோ சரக்கைச் சேர்ப்பதினும் கடினமானது. கடைசலில் சுழலும் குழாயை நுண்ணிய எமரித்தாளால் தேய்த்து, சுற்றுவட்டமாக ஓடும் மயிரிழை போன்ற கோடுகள் ஒரே சீராக அமையும்படி முதலில் செய்வர். உற்பத்தியாளரின் பெயரையும் ஊரையும் வரிசை எண்ணையும் கையுளியால் பொறிப்பர். பின்னர் எண்ணெய்ப் பசை சிறிதுமின்றிக் கழுவி, சூடான மரத்தூளில் உலர்த்துவர். அதன்பின் விரல் படலாகாது. பட்ட விரலின் ரேகை பூச்சுக்கடியில் என்றென்றைக்கும் தங்கிவிடும். குழாயை அடுப்பின்மேல் வைத்து, கை பொறுக்கும் எல்லைவரை சூடேற்றி, அகன்ற மெல்லிய மயிர்த்தூரிகையில் அளவாக அரக்கெடுத்து, நிறுத்தாமல், சென்ற இடத்துக்கு மீளாமல், ஒரே வீச்சில் பூசி முடிக்க வேண்டும். உலோகம் போதிய சூடின்றி இருந்தால் காற்றின் ஈரத்தை ஈர்த்து, மூச்சுப்பட்ட கண்ணாடியைப்போலப் பூச்சு வெளுத்துப்போகும். சூடு மிகுந்தால் சாராயம் சட்டென்று பறந்து தூரிகையின் தடங்கள் வரிவரியாக நின்றுவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலையைக் கையாலேயே அறிந்து பூசி, மறுபடியும் சூட்டில் வைத்து இறுகச் செய்வர். பர்மிங்காம் பித்தளைத் தொழிலில் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். கண்ணாடியை வகுத்த கணித மேதையின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அந்தப் பெண்களின் பெயர்களோ எங்குமே எழுதப்படவில்லை. அவர்களுடைய கைவன்மைக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவர்கள் இட்ட அப்பூச்சுதான்.

வெளியே பொன்னைப்போல் மின்ன வேண்டிய அதே குழாய் உள்ளே இருளாயிருக்க வேண்டும். உட்சுவரில் பட்டுச் சிதறும் ஒளி படத்தின் கருமையைக் கெடுத்துவிடும். ஆதலால் உட்புறத்துக்குப் புகைக்கரி கலந்த மெருகைப் பளபளப்பின்றிப் பூசினர். அல்லது செம்பு நைட்ரேட் கரைசலைத் தடவிச் சூடேற்றி, உலோகத்தையே கறுக்கச் செய்தனர். ஜான் வாட்டர்ஹவுஸ் 1858-இல் அறிமுகப்படுத்திய, குழாயின் பிளவில் செருகியெடுக்கும் துவாரத் தகடுகளும் இவ்வாறே கறுப்பாக்கப்பட்டன. ஒரு பழைய லென்ஸின் உட்கருமை பழுதின்றி இருப்பின், அதன் வெளிமெருகைப் போலவே அதையும் பேணத்தக்கதாகக் கருத வேண்டும்.

இத்தகைய மூலமெருகு, படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு சரித்திர ஏடாகும். பல்சக்கரத்தைத் திருப்பும் குமிழின் விளிம்பிலும் மூடி ஏறியிறங்கிய வளையத்திலும் அரக்குத் தேய்ந்து வெறும் உலோகம் தெரியும்; மூடியால் மறைந்திருந்த பகுதியில் முதல் நாளின் நிறம் அப்படியே இருக்கும். பூச்சு சிறிது பெயர்ந்த இடங்களில் பித்தளை கறுத்துப் புள்ளி புள்ளியாக நிற்கும். புற ஊதாக் கதிரின்கீழ் வைத்தால், இயற்கை அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரக் காணலாம். தேய்மானம் முழுதும் கைபட்ட இடங்களிலேயே அமைந்திருக்குமாயின், அக்கருவி உண்மையாகவே உழைத்தது என்றும், அதன் மேனி பின்னர் மாற்றப்படவில்லை என்றும் பெரும்பாலும் முடிவுசெய்யலாம்.

நூற்றாண்டின் இறுதியில் இம்மரபு தளர்ந்தது. சாராயத்தில் கரைத்த அரக்கைச் சூட்டில் பூசும் சிரமத்துக்குப் பதிலாக, குளிர்ந்த உலோகத்திலேயே பூசத்தக்க செல்லுலோஸ் மெருகுகள் வந்தன. 1890-க்குப் பின் பரவிய ஜெர்மன் லென்ஸ்கள் சிறுத்து, கையில் ஏந்தும் காமிராக்களுக்கு ஏற்ப நிக்கலும் அலுமினியமும் கறுப்பு எனாமலும் பூண்டன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் பொன்னிறக் குழாய் பழங்காலத்துக்குரியதாகிவிட்டது.

காலம் செய்த இம்மாற்றத்தைக் குறைகூற இயலாது. நம் காலத்து மனிதர் செய்யும் சேதம் அத்தகையதன்று. பழைய லென்ஸ் பளபளவென்று மின்னினால்தான் விலைபோகும் என்று கருதி, சுழலும் துணிச்சக்கரத்தில் அதைப் பிடித்து, அரக்கை முழுவதும் உரித்துவிடுகின்றனர். பூச்சோடு கடைசலின் நுண்கோடுகளும் போகின்றன. பொறித்த எழுத்துகளின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம்; பூச்சில்லாத பித்தளைக்கு அது தகும், அரக்கேறிய பித்தளைக்குத் தகாது. சாராயத்தில் நனைத்த துணி கூடாது. சாராயத்தில் கரைந்த அரக்கு மீண்டும் சாராயத்தாலேயே கரைந்துவிடும். அம்மோனியா கலந்த துலக்குநீரும் அதே தீங்கைச் செய்யும். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே பெரும்பாலும் போதுமானது.

கண்ணாடி கீறினால் தேய்த்துச் சரிசெய்யலாம்; பல்சக்கரம் தேய்ந்தால் புதிதாக வெட்டிப் பொருத்தலாம்; புது அரக்கைக்கூடப் பழைய முறைப்படியே பூசலாம். ஆனால் அது இன்றைய கையின் வேலையாக இருக்குமேயன்றி, அன்றைய கையின் வேலையாகாது. பட்டறையில் இட்ட முதற்பூச்சை ஒருமுறை இழந்தால் இழந்ததுதான். ஆகையால் கறைபட்டுத் தேய்ந்து நிற்கும் மூலமெருகு, புத்தம்புதிதாய் மின்னும் வெறும் பித்தளையைக் காட்டிலும் மதிப்பில் உயர்ந்தது என்பதை லென்ஸ்களைச் சேர்ப்போரும் விற்போரும் உணர்ந்து, அதை உள்ளபடியே அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது அவர்களது கடமை.