செல்ஃப் மோட்டாரின் வரலாறு

வண்டியின் எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மின்மோட்டாரே செல்ஃப் மோட்டார். 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற பெயரின் முன்பாதி மட்டும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிலைத்துவிட்டது. எஞ்சின் நின்ற நிலையிலிருந்து தானாக ஓடத் தொடங்காது. பிஸ்டன் நகர்ந்து காற்றை உள்ளிழுத்து அழுத்திய பிறகே எரிபொருள் எரியும். ஆகவே முதல் சில சுற்றுகளுக்கான விசை வெளியிலிருந்து வரவேண்டும். மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் அந்த விசையைத் தந்தது மனிதனின் கை.

கைப்பிடிக் காலம்

வண்டியின் முன்புறத் துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, ஓட்டுநர் எஞ்சினைச் சுழற்றுவார். அதற்கு முன் தீப்பொறி விழும் நேரத்தை நெம்புகோலால் தாமதப்படுத்த வேண்டும். அதை மறந்தால் பிஸ்டன் மேலே வரும்முன்னே எரிபொருள் வெடித்து, கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பியடிக்கும். இதனால் மணிக்கட்டும் முன்கையும் முறிவது வழக்கமாக இருந்தது. மணிக்கட்டருகே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவை மருத்துவர்கள் இன்றும் 'ஓட்டுநர் முறிவு' என்ற பொருள்தரும் பெயராலேயே குறிக்கின்றனர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும், கைப்பிடியைக் கீழே தள்ளாமல் மேலே இழுக்க வேண்டும் என்றெல்லாம் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

உடல் வலு குறைந்தவர்களுக்குப் பெட்ரோல் கார் எட்டாத பொருளாக இருந்தது. கைப்பிடி தேவைப்படாத மின்சாரக் கார்கள் பெண்களுக்கு ஏற்றவை என்று விற்கப்பட்டன. பெட்ரோல் கார்களால் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் மின்சாரக் காரைப் பயன்படுத்தினார்.

கெட்டரிங்கின் தீர்வு

கார்ட்டர்கார் நிறுவனர் பைரன் கார்ட்டர் 1908இல் காலமானார். நின்றுபோன ஒரு வண்டிக்கு உதவச் சென்றபோது கைப்பிடி தாக்கிய காயமே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. இந்த இழப்பே காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டை மாற்றுவழி தேடத் தூண்டியது என்பர்.

மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் எண்ணம் புதிதன்று. கிளைட் கோல்மன் 1903இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் எஞ்சினைச் சுழற்ற மிகப்பெரிய மோட்டாரும் பேட்டரியும் வேண்டும் என்ற கருத்து தடையாக இருந்தது. அதை உடைத்தவர் ஒஹாயோ மாநிலத்தின் சார்லஸ் கெட்டரிங். அவர் முன்பு கடைகளின் பணப்பதிவு இயந்திரத்தை இயக்கச் சிறிய மின்மோட்டார் ஒன்றை வடிவமைத்திருந்தார். சில நொடிகள் மட்டும் உழைக்கும் மோட்டாருக்கு அதன் அளவை மீறிய சுமையைத் தரலாம். சூடேறும்முன் வேலை முடிந்துவிடும் என்பதே அதில் அவர் கண்டது. அதே தத்துவத்தில் அமைந்த ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. எஞ்சினைக் கிளப்பும் அதே இயந்திரம், ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியையும் நிரப்பியது. இதற்காக காடிலாக் பிரிட்டனின் டியூவர் கோப்பையை வென்றது.

தனி உறுப்பாதல்

பின்னர் மின்னாக்கியும் ஸ்டார்ட்டரும் தனித்தனி உறுப்புகளாயின. வின்சென்ட் பெண்டிக்ஸ் உருவாக்கிய அமைப்பில், மோட்டார் சுழன்றதும் சிறு பற்சக்கரம் திருகுமரை வழியே நகர்ந்து ஃப்ளைவீலின் பற்களைப் பிடிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விலகிவிடும்.

இவ்வசதி உடனே எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஃபோர்டின் மாடல் டி வண்டிகளுக்கு 1919இல்தான் மின் ஸ்டார்ட்டர் வந்தது. 1925இல் அந்நிறுவனம் 281 டாலருக்குப் பிக்கப் வண்டியை விற்றபோதும் அதற்குத் தனிவிலை கொடுக்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் முறையை கிறைஸ்லர் 1949இல் கொண்டுவந்தது.

வீட்டில் மாற்றும் வழக்கம்

தனி உறுப்பானதன் பயனே, அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருப்போர் பலர் செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. பொதுவாக இரண்டு மூன்று போல்ட்டுகளும் சில வயர்களுமே அதை வண்டியோடு இணைக்கின்றன. பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். வெறும் 'டக்' ஒலி வலுவிழந்த பேட்டரியாலும் வரலாம். சில வண்டிகளில் மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் இடையே மெல்லிய தகடுகள் இருக்கும். பற்களின் இடைவெளியைச் சரியாக வைப்பவை அவையே என்பதால், அவற்றைத் தவறாமல் திரும்பப் பொருத்த வேண்டும்.

கைப்பிடியின் ஆபத்து நீங்கினாலும் இவ்வேலையில் கவனம் தேவை. மோட்டாருக்குச் செல்லும் தடித்த வயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். பல வண்டிகளில் அதற்கு ஃபியூஸ் இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் ஸ்பேனர் வைத்தால் தீப்பொறியும் தீக்காயமும் ஏற்படலாம். வண்டிக்கு அடியில் நுழையும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைப்பதும் அவசியம்.