ஏரிக்கு அடியில் ஒரு விமானம்

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது போர்க்களமே. மாணவனாயிருந்த நாளில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பின்னர் வரலாறு கற்பிக்கத் தொடங்கியபோதுதான், போரின் கணக்கேட்டில் வேறொரு பக்கமும் உண்டு என்பதை அறிந்தேன். எதிரியின் முகத்தைக் காணாமலே, பயிற்சியின்போதே உயிர் நீத்தவர்களின் பக்கம் அது. அதிலிருந்து ஒரே ஒரு வரியை இன்று உங்களுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

1976ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள லாக் நெஸ் என்னும் ஏரியின் அடித்தளத்தை, ஒலியலைக் கருவி கொண்டு சில ஆய்வாளர்கள் துழாவினர். அவ்வேரியில் விந்தை விலங்கொன்று வாழ்வதாக ஒரு கதை உண்டு. அதையே அவர்கள் தேடினர். விலங்கு அகப்படவில்லை. சுமார் 230 அடி ஆழத்தில் ஒரு விமானம் கிடப்பதுதான் தெரியவந்தது. அது பிரிட்டிஷ் விமானப்படையின் வெல்லிங்டன் வகைக் குண்டுவீச்சு விமானம். அதற்கு 'ஆர் ஃபார் ராபர்ட்' என்று பெயர்.

கூடை முடைவது போல உலோகப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதன்மேல் துணி போர்த்தி அமைத்த உடல் அதற்கு. பொறியியல் அறிஞர் பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த முறை இது. பின்னலில் ஒரு பகுதி சிதைந்தாலும், எஞ்சிய பகுதிகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இவ்விமானம் ஒரு பெரும் சோதனையைக் கடந்து வந்ததாகும். 1939 டிசம்பர் 18ஆம் நாள், பட்டப்பகலில், ஜெர்மானியக் கடற்கரையை நோக்கி வெல்லிங்டன் விமானங்கள் சென்றன. துணைக்குப் போர் விமானங்கள் இல்லை. அணிவகுத்துப் பறந்தால் தம் துப்பாக்கிகளே தம்மைக் காக்கும் என்று நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்தது. இலக்கை அடைந்த 22 விமானங்களில் 12 அழிந்தன. திரும்பி வந்த சிலவற்றுள் 'ராபர்ட்' ஒன்று.

இத்தகைய இழப்புகள் கற்பித்த பாடம் யாது? குண்டுவீச்சு விமானங்கள் இனி இரவிலேயே செல்ல வேண்டும் என்பதே. ஆனால், இருள் இரு பக்கமும் கூருள்ள வாள் அன்றோ? அது விமானத்தை எதிரியிடமிருந்து மறைத்தது. விமானியிடமிருந்து வழியையும் மறைத்தது. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், விண்மீன்கள் இவையே அந்நாளில் துணை. காற்றின் வேகத்தை மணிக்கு 20 மைல் தவறாக மதித்துவிட்டால், மூன்று மணி நேரத்தில் 60 மைல் விலகிவிடலாம். 1941இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒரு பங்கே இலக்கிலிருந்து 5 மைலுக்குள் சென்றிருந்தது என்று காட்டியது.

ஆகவே பயிற்சி இன்றியமையாததாயிற்று. பயிற்சிக்குப் புத்தம் புதிய விமானங்களை யார் தருவார்? களத்தில் உழைத்துக் களைத்தவையே பெரும்பாலும் வந்தன. அவ்வாறே 'ராபர்ட்'டும் 1940இல் ஸ்காட்லாந்தின் லாசிமவுத் பயிற்சித் தளத்தை அடைந்தது.

அவ்வாண்டின் கடைசி நாள் டிசம்பர் 31. வழியறியும் பயிற்சிக்காக அதில் எண்மர் புறப்பட்டனர். மலைகளின்மேல் பறக்கையில் பனிப்புயல் சூழ்ந்தது. வலப்புற எஞ்சின் நின்றது. விமானம் உயரம் இழக்கலாயிற்று. கீழே மலை, கண்ணுக்கோ வெண்பனியன்றி வேறொன்றும் புலப்படவில்லை. விமானியான மார்வுட் எல்டன், பாராசூட் கொண்டு குதிக்குமாறு மற்றவர்களுக்கு ஆணையிட்டார். அறுவர் குதித்தனர். ஐவர் பிழைத்தனர். வால்பகுதித் துப்பாக்கி வீரனான இளைஞன் ஒருவனுக்கு மட்டும் பாராசூட் உதவவில்லை. அவன் மாண்டான்.

விமானத்தில் எஞ்சியிருந்த விமானிகள் இருவரும், மேகத்தின் இடைவெளியில் நீண்டதோர் ஏரியைக் கண்டனர். அதன்மீது விமானத்தை இறக்கினர். மிதவைப் படகில் ஏறி, இருவரும் கரை சேர்ந்தனர். விமானம் ஆழத்தில் அமிழ்ந்தது.

மாணவ நண்பர்களே, அந்த இளைஞனைக் கொன்றவர் யார்? எதிரியின் குண்டு அன்று. பழுதான எஞ்சினும், பனியும், விரைந்து ஆள் தேவைப்பட்ட போரின் அவசரமுமே. அவன் தனியன் அல்லன். அப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தோர் சுமார் 1,25,000 பேர். மாண்டவர் 55,573 பேர். அவர்களுள் 8,000க்கு மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள்.

1985 செப்டம்பரில் 'ராபர்ட்' ஏரியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டது. 11,000க்கு மேல் செய்யப்பட்ட வெல்லிங்டன்களுள் இன்று காட்சிக்கு எஞ்சியவை இரண்டே. அவற்றுள் போர் கண்டது இதுவொன்றே. தான் உருவான புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்திலுள்ள அருங்காட்சியகத்திலேயே அது நிற்கிறது.

நீரடியில் 45 ஆண்டுக் காலம் கிடந்த உலோகப் பின்னலை மீட்க முடிந்தது. அதன் வாலில் அமர்ந்திருந்தவனை மீட்க முடியவில்லை. இனி நீங்கள் ஒரு போரின் வரலாற்றைப் படிக்கும்போது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று மட்டும் கேளாதீர்கள். போர்க்களத்தை அடையுமுன்னரே வீழ்ந்தவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அக்கேள்வி இன்றிக் கணக்கு முழுமையடையாது.