சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம்

சென்னை மாகாணத்தில் நிலவரியை வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் வதைக்கப்பட்டதை விசாரிக்க 1854இல் அமைக்கப்பட்டது சித்திரவதை விசாரணை ஆணையம். எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். அறிக்கை 1855இல் வெளியானது.

பின்னணி

1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி, வரி வசூல், காவல் ஆகிய இரண்டுக்கும் தாசில்தாரே பொறுப்பாளர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் வருமுன், மழையை நம்பிய கரிசல் வேளாண்மையே அங்கு பலருக்குப் பிழைப்பு. விளைச்சல் பொய்த்தால் தீர்வை பாக்கி விழும்.

பாக்கியை வசூலிக்க மாகாணத்தில் கையாளப்பட்ட வதைகளில் இரண்டு பெயர்பெற்றவை. மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களை நெரிப்பது கிட்டி. உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்துவது அண்ணாந்தாள்.

கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையிலான சென்னை சுதேசிகள் சங்கம் இக்கொடுமைகளைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் நேரில் வந்து பார்த்தார். மறு ஆண்டு நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது.

கண்டறிந்தவை

ஆணையத்துக்கு 1,959 புகார்கள் வந்தன. வதை நடப்பது உண்மை என்று அது ஏற்றது. அதைவிட வேதனையானது, பாதிக்கப்பட்டவர் நியாயம் பெற முடியாத நிலை என்றும் எழுதியது. கலெக்டரிடம் போகச் செலவாகும், வேலையும் கெடும். போனாலும், மனு பெரும்பாலும் தாசில்தாருக்கே திருப்பி அனுப்பப்படும். யார்மீது புகாரோ, அவர் கைக்கே அது போய்ச்சேரும்.

விளைவுகள்

1859ஆம் ஆண்டு காவல் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் கூறியது. ஆனால் புகார் தந்தவர்களின் காயத்துக்கு ஈடு வழங்குவது ஆணையத்தின் பணியாக இருக்கவில்லை.

பிற்காலம்

காவல் வன்முறைக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்பதை நீலாவதி பெஹெரா வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992இல் நடந்த கொடுமைக்காக வனம், காவல், வருவாய்த் துறையினர் 215 பேர் 2011இல் தண்டிக்கப்பட்டனர். வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க 2023இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020இல் காவலர்களால் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தனர். தடயங்களைக் காக்க, காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வருவாய்த்துறையிடமிருந்து மக்களைக் காக்கப் பிரிக்கப்பட்டது காவல்துறை. இப்போது அதனிடமிருந்து சாட்சியத்தைக் காக்க வருவாய்த்துறை தேவைப்பட்டது. துறையை மாற்றினால் மட்டும் போதாது. புகார், குற்றம்சாட்டப்பட்டவர் கைக்குத் திரும்பிப் போகாதிருக்க வேண்டும். 1855 அறிக்கை இன்றும் உணர்த்துவது இதையே.