ஓர் ஆசிரியரின் கவிதையும் ஜாஸ் இசைத்தட்டுகளும்

1937ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயோர்க் நகர ஆசிரியர் சங்கத்தின் சஞ்சிகையிலே சிறு கவிதையொன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் ஏபெல் மீரோபோல். புரொங்ஸ் பகுதியிலுள்ள உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பித்த யூதர். பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர். 1930 ஓகஸ்ட் 7ஆம் திகதி இந்தியானா மாநிலத்து மேரியன் நகரில் வெறிகொண்ட கூட்டமொன்று கறுப்பின இளைஞர் இருவரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்று மரத்திலே தொங்கவிட்டது. அம்மரத்தின் கீழ் வெள்ளையர் முகமலர்ச்சியோடு கூடிநிற்கும் புகைப்படம் அவ்வாசிரியரின் மனத்தை விட்டகலவில்லை. தொங்கிய உடல்களை மரத்தின் கனிகளாகக் கண்டு அவர் கவிதை எழுதினார். பின்னர் தாமே அதற்கு இசையும் அமைத்தார். 'விசித்திரக் கனி' என்று நாம் தமிழிற் கூறத்தக்க அப்பாடலை வழிகாட்டியாகக் கொண்டு ஜாஸ் இசைத்தட்டுகளின் வரலாற்றில் ஓர் இழையைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஸ் என்றதும் நம்மிற் பலர் உல்லாச விடுதியையும் மதுக்கிண்ணத்தையுமே நினைக்கின்றனர். இந்நினைவு தற்செயலாக உண்டானதன்று. அடிமைகளாயிருந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே வளர்த்தெடுத்த இசை அது. ஆயின், முதலாவது ஜாஸ் இசைத்தட்டு என்று 1917இல் விற்பனைக்கு வந்ததோ ஒரு வெள்ளையர் குழுவின் வாசிப்பு. அந்நகரின் தெருக்களில் வளர்ந்த லூயி ஆம்ஸ்ரோங், கிங் ஒலிவரின் குழுவில் ஒருவராக, 1923இலேதான் முதன்முதலாக ஒலிப்பதிவுக் குழலின் முன் நின்றார். அக்காலத்தில் கறுப்பினக் கலைஞரின் தட்டுகளை நிறுவனங்கள் 'இனத் தட்டுகள்' எனத் தனிப் பட்டியலிட்டு விற்றன. பேருந்திலே பின்னிருக்கை ஒதுக்கிய சமுதாயம் இசைக்கும் ஒரு பின்னிருக்கையை ஒதுக்கியது.

மீரோபோலின் பாடல் 1939இல் பில்லி ஹொலிடேயின் குரலை வந்தடைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே அமரத்தக்கதாக நியூயோர்க்கில் முந்திய ஆண்டிறுதியில் தொடங்கப்பெற்ற 'கஃபே சொசைற்றி' என்னும் விடுதியில் அவர் அதைப் பாடினார். பாடத் தொடங்குமுன் பரிமாறுவோர் தம் பணியை நிறுத்துவர், விளக்குகள் அணையும், அவரது முகத்தின்மீது மட்டும் ஒளி விழும். பாடி முடிந்ததும் அவர் மேடைக்குத் திரும்பார். அவருடைய தட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் இப்பாடலைப் பதிவுசெய்ய மறுத்தது. தென் மாநிலங்களின் சந்தையை இழக்க முதலாளிகள் விரும்பவில்லை. 'கொமடோர்' என்னும் சிறு நிறுவனமே 1939 ஏப்ரல் 20ஆம் திகதி அதனைப் பதிவுசெய்தது.

அப்பாடல் எதைக் கூறியது? 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் கும்பல்களாற் கொல்லப்பட்டோர் 4,743 பேர் எனவும், அவர்களுள் 3,446 பேர் கறுப்பினத்தவர் எனவும் டஸ்கீகி நிறுவனத்தின் கணக்குக் கூறுகின்றது. இக்கொலைகளை நாடு தழுவிய குற்றமாக்கும் மசோதாவொன்று 1922இல் கீழ்ச்சபையில் நிறைவேறியது. தென் மாநிலத்துச் செனற்றர்கள் அதைப் பேசிப்பேசியே கொன்றனர். கொலைகாரரைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. கவிஞரை விசாரிக்கக் குழு இருந்தது. பள்ளிகளிற் பொதுவுடைமைவாதிகளைத் தேடிய நியூயோர்க் சட்டசபைக் குழு மீரோபோலை அழைத்து, இப்பாடலை எழுதக் கட்சி பணம் கொடுத்ததா என வினவியது. ஓர் ஆசிரியனுக்கு மனச்சாட்சி இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

பாடகி சொற்களாற் பேசினார். வாத்தியக் கலைஞர் என் செய்வார்? சொல்லற்ற இசைக்கு அரசியல் இல்லை என்போர் உளர். அவர்களுக்கு வரலாறு விடை தருகின்றது.

1957 செப்டெம்பரில் ஆர்கன்சோ மாநில ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ், லிற்றில் ரொக் நகரின் மத்திய உயர்நிலைப் பள்ளியிற் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் நுழையாதபடி ஆயுதப்படையை நிறுத்தினார். அதுகண்டு சினந்த ஆம்ஸ்ரோங், அரசு தம்மைச் சோவியத் நாட்டுக்கு அனுப்பவிருந்த பயணத்தை மறுத்தார். எப்போதும் சிரித்த முகமாயிருந்தவர் என்பதால் அவரது சினம் உலகை வியக்கவைத்தது. 1959இல் சார்ள்ஸ் மிங்கஸ் அந்த ஆளுநரை எள்ளி இயற்றிய 'ஃபோபஸ் கதைகள்' கொலம்பியா இசைத்தட்டிலே சொற்களின்றி வெளிவந்தது. மறு ஆண்டு 'கண்டிட்' என்னும் சிறு நிறுவனத்திற்காகப் பதிவுசெய்தபோது ஏளனச் சொற்களும் ஒலித்தன. கொமடோருக்கும் கண்டிட்டுக்குமிடையே இருபது ஆண்டுகள் கழிந்தும் பெருநிறுவனத்தின் அச்சம் மாறவில்லை.

அதே 1960இல், மாணவர் உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய காலத்தில், மேளக்கலைஞர் மக்ஸ் ரோச் 'சுதந்திரம் இப்போதே' என்னும் இசைத்தொகுதியைப் படைத்தார். தட்டின் மேலுறையிலேயே உணவக மேசையருகே அமர்ந்திருக்கும் கறுப்பின இளைஞரின் படம். தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் நகரில் அவ்வாண்டு மார்ச் மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட 69 பேரின் துயரும் அதில் இடம்பெற்றது. பாடகி அபி லிங்கன் ஒரு பகுதியிற் சொற்களை முற்றாகக் கைவிட்டு, மேளத்தோடு மட்டும் முனகுகிறார், அலறுகிறார், அமைதியடைகிறார். வாத்தியம் பேச முயன்ற காலத்தில் குரல் வாத்தியமாயிற்று.

இவ்வரலாற்றில் நமது நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. வாஷிங்டன் அரசு தன் நாட்டுச் சுதந்திரத்தின் விளம்பரமாக ஜாஸ் குழுக்களைப் புதிதாய் விடுதலைபெற்ற நாடுகளுக்கு அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்ரனும் இலங்கைக்கு வந்தனர். எலிங்ரன் குழு ஆசிய நாடுகளிற் பயணத்தைத் தொடங்கிய அதே செப்டெம்பரில், 15ஆம் திகதி ஞாயிறன்று, அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரிற் கறுப்பினத்தவரின் தேவாலயமொன்றில் வெள்ளை வெறியர் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. ஒருத்திக்கு வயது 11. ஏனைய மூவருக்கும் 14. நவம்பர் 18ஆம் திகதி ஜோன் கொல்ற்றேன் தம் சாக்சபோனில் ஒரு புலம்பலைப் பதிவுசெய்து, அதற்கு 'அலபாமா' என்று பெயரிட்டார். ஐந்து நிமிட இசை; ஒரு சொல்லும் இல்லை. குற்றவாளிகளுள் இறுதியானவர் தண்டிக்கப்பட்டது 2002இல்.

இவ்விழை அறுந்துபோகவில்லை. மிசிசிப்பியிற் பிறந்த பாடகி கசான்ட்ரா வில்சன் 1995இல் 'விசித்திரக் கனி'யை மீண்டும் பாடிப் பதிவுசெய்தார். 2009 புத்தாண்டு நாளன்று ஓக்லண்டில் பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட்ட ஒஸ்கார் கிரான்ற் என்னும் இளைஞனுக்காக, அந்நகரத்து ரம்பெற் கலைஞர் அம்புரோஸ் அகின்முசிரே தம் 2011 தொகுப்பில் மேளத்தையும் தம் பேச்சையும் மட்டும் கொண்ட ஓர் ஆக்கத்தைச் சேர்த்தார். 2014இல் வந்த அவரது அடுத்த தொகுப்பிற் கொல்லப்பட்டோரின் பெயர்களை ஒரு குழந்தை வாசிக்கின்றது. வகுப்பறையில் வரவு எடுப்பதுபோல் ஒலிக்கும் அதனை எந்த ஆசிரியரும் அமைதியாகக் கேட்டுவிட முடியாது. நியூ ஓர்லியன்ஸ் தந்த இன்னொரு ரம்பெற் கலைஞர் ரெரன்ஸ் பிளான்சாட், பொலிஸாரின் பிடியில் மூச்சுவிட முடியவில்லை என்று கூறியே 2014இல் இறந்த எரிக் கார்னரின் நினைவால், 2015இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'மூச்சின்றி' என்று பொருள்படப் பெயரிட்டார்.

கும்பற்கொலையை நாடு தழுவிய குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச் 29ஆம் திகதியே கையொப்பமிடப்பெற்றது. ஹொலிடேயின் பதிவுக்கு 83 ஆண்டுகள் கழித்து. அப்படியாயின் பாடல் சாதித்தது என்ன என்று கேட்கலாம். இசைத்தட்டுச் சட்டம் இயற்றாது. மக்கள் இயக்கமே அதைச் செய்யும். ஆனால், நீதிமன்றங்கள் பதிய மறுத்த சாட்சியத்தை இசைத்தட்டு பதிந்து வைத்தது.

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைப்பின் பொருளை அறியாது 'அலபாமா'வைக் கேட்பவனுக்கு அது ஓர் இனிய சோகம். உணவகத்திற் பின்னணியாக ஒலிக்கத் தடையில்லை. அந்நான்கு சிறுமிகளை அறிந்தவனுக்கே அது குற்றச்சாட்டு. சொல்லற்ற இசைக்குச் சொல்லைக் கொடுப்பது வரலாற்றறிவு. அவ்வறிவைக் கொடுப்பது வகுப்பறை. ஆசிரியர் சஞ்சிகையொன்றின் மூலையில் அச்சான சில வரிகளிலிருந்து தொடங்கிய இவ்வரலாற்றை மாணவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு, அத்தொழிலையே செய்யும் நம்முடையதுமாகும்.