ரோட்டாக்ஸ் 912 இயந்திர அறை

உறுப்புத் தொகுதியாக வாங்கி உரிமையாளரே பூட்டிக்கொள்ளும் இலகு விமானங்களில் பரவலாகப் பயன்படும் இயந்திரம் ஆஸ்திரியத் தயாரிப்பான ரோட்டாக்ஸ் 912. நான்கு சிலிண்டர்கள், 80 அல்லது 100 குதிரைத்திறன். சிலிண்டர்களைக் காற்றும் அவற்றின் தலைப்பகுதிகளைக் குளிர்நீர்மமும் குளிர்விப்பதால், மேலுறைக்குள் ரேடியேட்டர், ஆயில் கூலர், ஆயில் தொட்டி மூன்றுக்கும் இடம் கண்டாக வேண்டும். குழாய் நெரிசலே இந்த அறையின் தீராத தொல்லை.

இயந்திரத்துக்கும் விமானிக்கும் இடையே நிற்பது தீத்தடுப்புச் சுவர். பெரும்பாலும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதில் கம்பிகளும் குழாய்களும் நுழையும் ஒவ்வொரு துளையையும் தீ தாங்கும் பூச்சால் அடைப்பர். கார்புரேட்டர்களில் கசியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சொட்டாதிருக்க அடியில் வடிதட்டு பொருத்துவது வழக்கம். அதன் வடிகுழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் கட்டுநரின் கவனம் தெரியும்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் தனி முறை உண்டு. ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், தொட்டியில் களகளவென ஓசை வரும்வரை புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிய பிறகே அளவுகோலை எடுக்க வேண்டும். அதற்குமுன் இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதிசெய்வது கட்டாயம். எதிர்த்திசையில் சுழற்றினால் உயவு அமைப்புக்குள் காற்று புகக்கூடும்.

ரப்பர் உறுப்புகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார் தயாரிப்பாளர். குறைவாகப் பறக்கும் உரிமையாளர்கள் இதைத் தள்ளிப்போடுவதுண்டு. வெப்பத்தில் வெடிக்கும் ரப்பரோ பறந்த மணிநேரத்தைப் பார்ப்பதில்லை. தள்ளிப்போடக் கூடாத இன்னொரு வேலை கார்புரேட்டர் ஒத்திசைவு: இரு கார்புரேட்டர்களும் ஒத்திசையாவிட்டால் அதிர்வு கூடி, கியர்பெட்டி தேயும்.